மலிவு விலைக் காரும் மறைந்திருக்கும் கணக்கும்



பாவித்த கார் வாங்குவது பற்றி எமது வானொலியில் நான் கதைத்த பிறகு, "எண்களை எழுதி எடுக்க முடியவில்லை, மடலில் போட்டுவிடுங்கள்" என்று பலர் கேட்டிருந்தனர். அந்த உரையைச் சற்று விரித்து இங்கே தருகிறேன். நான் கணக்காளன், மெக்கானிக் அல்ல. ஆனால் வரி எழுதும் பருவத்தில் என் மேசைக்கு வரும் குடும்பங்களிடம் "போன வருசம் எதிர்பாராத செலவு என்ன?" என்று கேட்டால், ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக வரும் பதில் கார்தான். அதிலும் மலிவாக வாங்கிய கார்.

சுகர் லேண்டில் கார் இல்லாதவருக்குக் கால் இல்லை. வேலைக்குப் போக ஒன்று, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று, அம்மாவைப் பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கும் டொக்டரிடமும் கூட்டிப்போக இன்னொன்று என்று வீட்டுக்கு இரண்டு மூன்று தேவைப்படுகிறது. எல்லாம் புதிதாக வாங்க முடியாது. எனவே ஐயாயிரம், ஆறாயிரம் டொலருக்குள் ஓடித்திரிய ஓர் ஒட்டோமற்றிக் கார் தேடுகிறோம். தேடுவதில் பிழை இல்லை. ஆனால் காரின் விலையைத்தான் காருக்கான செலவு என்று நினைத்து இறங்குகிறோம். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

எங்கள் ஆட்களுக்குப் பழைய கார் என்றால் ஒரு துணிச்சல் உண்டு. அது சும்மா வந்ததல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத நாட்களில், ஒஸ்டின் ஏ40 என்றும் மொறிஸ் மைனர் என்றும் கிழட்டுக் கார்களைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய சமூகம் இது. புகை வந்தது, மணம் வந்தது, கார் ஓடியது. மாமரத்துக்குக் கீழே கியர்ப் பெட்டியைக் கழற்றிச் சாக்கில் பரப்பி, தேய்ந்த பல்லைக் கடைசல் பட்டறையில் சரிபண்ணி, பின்னேரத்துக்குள் திரும்பப் பூட்டிவிடுவார்கள். "கார் பழசெண்டால் என்ன, திருத்தி ஓடலாம்தானே" என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது.

அந்தக் கார்களின் கியர்ப் பெட்டி பல்சக்கரமும் கிளச்சும் மட்டுமே. இன்றைய ஒட்டோமற்றிக் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம், வால்வுகள், மின்கட்டுப்பாடு, கணினி எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பழுதானால் பெரும்பாலான கராஜ்கள் அதைத் திறப்பதே இல்லை. முழுதாகக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவார்கள். அதற்கான செலவு 4,000 டொலருக்கு மேலும் போகலாம். ஐயாயிரத்துக்கு வாங்கிய காருக்கு நாலாயிரத்தில் வைத்தியம் என்றால் அந்தக் காரின் கதை முடிந்தது. ஆகவே எஞ்சினை விட, நிறத்தை விட, ஓடிய மைலை விட, முதலில் பார்க்கவேண்டியது கியர்ப் பெட்டியைத்தான்.

ஒட்டோமற்றிக் என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே சாதி அல்ல. முதலாவது பழைய வகை. எண்ணெயின் சுழற்சியால் எஞ்சினின் விசையைக் கடத்தி, நாலு, ஐந்து அல்லது ஆறு கியர்களைத் தானாக மாற்றும். இரண்டாவது சி.வி.ரி. இதில் படிப்படியான கியரே இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் இரும்புப் பட்டி ஓடும். பெற்றோல் மிச்சம். ஆனால் சூடும் பழைய எண்ணெயும் அதற்குப் பகை. மூன்றாவது, இரண்டு கிளச்சுகளைக் கணினி இயக்கும் வகை.

சந்தையில் மிக மலிவாகக் கிடக்கும் சில கார்கள் ஏன் அப்படி மலிவு என்பதற்கு இதற்குள் விடை இருக்கிறது. போர்ட் பியெஸ்ற்றா 2011 முதல் 2016 வரை, போர்ட் போகஸ் 2012 முதல் 2016 வரை வந்தவற்றில் அந்த மூன்றாவது வகைப் பெட்டி இருந்தது. அது உதறுகிறது, இழுக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2020 இல் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தில் முடிந்தது. 2013 க்குப் பிந்திய நிஸான் அல்டிமா, சென்றா, வேர்சா கார்களின் சி.வி.ரி. குறித்தும் வழக்குகள் வந்தன. நிறுவனம் உத்தரவாதத்தை 84 மாதம் அல்லது 84,000 மைல் என்று நீட்டியது. இன்று மலிவுச் சந்தைக்கு வரும் அந்த ஆண்டுக் கார்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அதனால்தான் பக்கத்தில் நிற்கும் கொரோலாவை விட அவை ஆயிரம், இரண்டாயிரம் குறைவாக நிற்கின்றன.

"அப்ப எதை வாங்கலாம் அண்ணை?" என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம் இது: 2009 முதல் 2013 வரையான ரொயோட்டா கொரோலாவில் நாலு கியர்ப் பழைய பெட்டி. வேகம் போதாது, அழகில்லை, ஆனால் சாகாது. 2010 முதல் 2013 வரையான ஹொண்டா சிவிக்கில் ஐந்து கியர்ப் பெட்டி. 2012 முதல் 2017 வரையான கம்ரி, 2014 முதல் 2018 வரையான மஸ்டா 3 ஆகியவற்றில் ஆறு கியர். சிவிக் 2014 இலிருந்தும், கொரோலாவின் பெரும்பாலான வகைகள் அதே ஆண்டிலிருந்தும் சி.வி.ரி.க்கு மாறின. அவையும் ஒழுங்காக எண்ணெய் மாற்றப்பட்டிருந்தால் நீண்ட காலம் ஓடுகின்றன. அந்த "ஒழுங்காக" என்ற சொல்லுக்கு ரசீது கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

ஓட்டிப் பார்க்கும்போது கார் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போகமுன்னரே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், "ஒரு மணித்தியாலம் கழித்து வாறன்" என்று சொல்லுங்கள். பிரேக்கை மிதித்தபடி நிறுத்தத்திலிருந்து பின்கியருக்கும், பின்கியரிலிருந்து முன்கியருக்கும் மாற்றுங்கள். ஓரிரு நொடிக்கு மேல் தாமதித்தாலோ, 'டொக்' என்று அடித்தாலோ கவனம். பிறகு நெடுஞ்சாலை 6 இன் நெரிசலிலும் 59 இன் வேகத்திலுமாக அரை மணித்தியாலம் குளிரூட்டி போட்டபடியே ஓட்டுங்கள். பெட்டியின் குறை பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் வெளியே வரும். முறுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பெட்டி வழுக்குகிறது. கரடுமுரடான வீதியில் போவதுபோல மெல்ல அதிர்ந்தாலும் வேண்டாம். எண்ணெய் பார்க்கும் கம்பி உள்ள காரென்றால் இழுத்துப் பாருங்கள். சிவப்பு நல்லது. கபிலமும் கருகிய மணமும் என்றால் நன்றி சொல்லி வீட்டுக்கு வாருங்கள்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஆபத்து. 2017 ஓகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் மழையில் ஹியூஸ்டன் பகுதியில் இலட்சக்கணக்கான கார்கள் வெள்ளத்தில் நின்றன. பிராசோஸ் ஆறு பெருகி எமது போர்ட் பெண்ட் கவுண்டியிலும் எத்தனை குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின என்பது உங்களுக்குத் தெரியும். காப்புறுதி நிறுவனம் நட்டஈடு கொடுத்து எடுத்த காரின் ரைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், சேதம் என்ற குறிப்பு ஏறும். வின் எண்ணைப் போட்டுத் தேடினால் அகப்படும். என்.ஐ.சி.பி. என்ற தேசிய அமைப்பின் இணையத்தளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மலிவுக் காருக்கு முழுக் காப்புறுதி எடுப்பவர் எத்தனை பேர்? மற்றவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கான காப்புறுதி மட்டும் வைத்திருந்தவருக்கு வெள்ளத்துக்கு ஒரு சதமும் கிடைத்திருக்காது. அவர் முறைப்பாடும் செய்திருக்க மாட்டார். காரைக் காயவைத்து, கம்பளம் மாற்றி, ஓடியிருப்பார். எந்தப் பதிவிலும் அது இல்லை. அறிக்கை சுத்தமாக வருவது கார் நனையவில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. 2017 க்கு முன் தயாராகி இந்தப் பகுதியிலேயே ஓடிய கார்கள்தான் இன்று நம் விலைக்கு வருகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உபரி ரயர் கிடக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா, ஆசனத்துக்குக் கீழே உள்ள திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா, சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்தால் கறைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடியை எல்லாம் மூடிக் கொஞ்ச நேரம் இருந்தால் பூஞ்சண மணம் வரும். வாசனை அட்டை மூன்று தொங்கினால் அதுவே ஒரு தகவல்.

இந்த உரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இனிச் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச் 31 அன்று எமது கவுண்டியில், ரிச்மண்ட் அருகே, 17 வயது மாணவி ஒருவர் 2002 ஹொண்டா சிவிக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் நின்ற வாகனத்தில் கார் மோதியது. சீற் பெல்ற் போட்டிருந்தார். பெரிய விபத்து அல்ல. ஆனால் தகாத்தா நிறுவனத்தின் எயார்பாக் விரியும்போது அதன் உலோகக் கூடு வெடித்து, துண்டு கழுத்தில் பாய்ந்து அவர் இறந்தார். அந்தக் கார் 2011 இலேயே திருத்துவதற்காக மீளழைக்கப்பட்டிருந்தது. திருத்தம் இலவசம். அறிவித்தல் அனுப்பினோம் என்றது நிறுவனம், கிடைக்கவில்லை என்றது குடும்பம். கார் கை மாறும்போதும் வீடு மாறும்போதும் இப்படியான கடிதங்கள் தொலைந்துபோவதை நான் சொல்லத் தேவையில்லை. நம்மவர்கள் எத்தனை முகவரி மாறியவர்கள்!

காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எயார்பாக்கை ஊதவைக்கும் இரசாயனம் அமோனியம் நைத்திரேற்று. ஆண்டுக்கணக்கில் ஈரப்பதனும் வெக்கையும் பட்டால் அது சீர்கெட்டு, அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். ஈரமும் வெக்கையும் ஹியூஸ்டனின் இயல்பு. ஆபத்துக் கூடிய பிராந்தியங்களின் முதல் வரிசையில் டெக்சாஸ் இருந்தது. 2001 முதல் 2003 வரையான சில ஹொண்டா, அக்யூரா கார்களில், விபத்தில் விரிந்தால் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை என்று 2016 ஜூனில் மத்திய அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே அறிவித்து, ஓட்டவேண்டாம் என்றது. தகாத்தா விவகாரம் ஹொண்டாவோடு நிற்கவில்லை. பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான எயார்பாக்குகள் அதில் அடங்கின.

மீளழைப்பு நிலுவையில் உள்ள பாவித்த காரை ஒரு டீலர் விற்பதை மத்திய சட்டம் தடுக்கவில்லை. தனியார் விற்பதைச் சொல்லவும் வேண்டாம். ஆகவே காரைப் பார்க்கப் போகுமுன்னரே வின் எண்ணின் 17 எழுத்துகளையும் கேட்டு வாங்கி, அந்தப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, காசு இல்லை. வின் எண்ணைத் தர மறுப்பவரிடம் போகவேண்டாம். ஏற்கெனவே வீட்டில் நிற்கும் காருக்கும் இதைச் செய்யுங்கள், இன்றைக்கே.

முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒரு தடவை பிரேக், விளக்கு, ரயர் என்று பரிசோதனை நிலையத்தில் யாரோ ஒருவர் பார்த்தார். 2025 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் தனிப்பட்ட கார்களுக்கு அந்தப் பாதுகாப்புப் பரிசோதனை நீக்கப்பட்டுவிட்டது. அதற்கான 7.50 டொலர் கட்டணம் மட்டும் வேறு பெயரில் தொடர்கிறது! போர்ட் பெண்ட், ஹரிஸ் முதலிய கவுண்டிகளில் புகைப் பரிசோதனை இருக்கிறது. அது பிரேக்கைப் பார்க்காது. ஆகவே விற்பவருக்குத் தெரியாத ஒரு கராஜில் 100 முதல் 200 டொலர் கொடுத்துக் காரைத் தூக்கிப் பார்ப்பது இப்போது கட்டாயச் செலவு. கராஜுக்கு விடமாட்டேன் என்றால் காரணம் இருக்கும். இன்னொரு தந்திரமும் உண்டு. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்த காரில், நீங்கள் வரும் காலையில் அதை அழித்துவிடுவார்கள். விளக்கு எரியாது. ஆனால் கணினியின் சுயபரிசோதனைகள் முடியாமல் நிற்கும். மெக்கானிக் கருவியைச் செருகினால் அது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கார் புகைப் பரிசோதனையிலும் தேறாது.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் எங்கள் வெயிலில் பழைய ரயர் வெடிக்கும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கையில் 6,000 டொலர் இருந்தால் 6,000 டொலர்க் காரைப் பார்க்காதீர்கள். 4,500 க்குப் பாருங்கள். தனியாரிடம் வாங்கினால் வரி 6.25 சதவீதம். ஆனால் நீங்கள் கொடுத்த விலைக்கு மட்டும் அல்ல. அந்தக் காருக்கு மாநிலம் ஒரு ஊகப் பெறுமதி வைத்திருக்கும். அதன் 80 சதவீதம், நீங்கள் கொடுத்த விலை, இரண்டில் எது கூடவோ அதற்கே வரி. பெறுமதி 6,000 என்றால் 80 சதவீதம் 4,800. நீங்கள் 4,500 க்கு வாங்கியிருந்தாலும் வரி 4,800 க்கு, அதாவது 300 டொலர். பத்திரமும் பதிவும் ஏறத்தாழ 110. கராஜ் பார்வை 150. நாலு ரயர் 400. பற்றரி 180. கியர்ப் பெட்டி எண்ணெய் 200. கூட்டினால் 1,340. விலையோடு 5,840. மிச்சம் 160 டொலர். காப்புறுதியின் முதல் தவணை இன்னும் வரவில்லை!

"பத்திரத்தில ஆயிரம் எண்டு போடுவம், வரி குறையும்" என்று சொல்பவர்கள் நமக்குள்ளும் உண்டு. மேலே சொன்ன விதியால் அது வேலை செய்யாது. அதோடு 130-யு படிவத்தில் பொய் எழுதுவது குற்றம். குடியுரிமைக்கோ வதிவிட அனுமதிக்கோ விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பத்துக்கு அப்படியொரு வழக்கு எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டப்படி குறைக்க ஒரு வழி இருக்கிறது. நெருங்கிய உறவினர் பணம் வாங்காமல் அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி 10 டொலர் மட்டும். 14-317 படிவத்தில் இருவரும் சத்தியக் கூற்றுக் கொடுக்கவேண்டும். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, உடன்பிறந்தோர், பேரப்பிள்ளை, பாட்டன் பாட்டி, திருமணத்தால் வந்த மாமனார், மைத்துனர் ஆகியோர் இதில் அடங்குவர். சித்தப்பா, அத்தை, தாய்மாமன், ஒன்றுவிட்ட சகோதரர், நண்பர் அடங்கார். நம் உறவுமுறைச் சொற்கள் இங்கே கொஞ்சம் இடறும். 'மாமா' மனைவியின் தகப்பன் என்றால் சரி, அம்மாவின் தம்பி என்றால் சரியல்ல. 'மச்சான்' அக்காவின் கணவனா, மாமியின் மகனா என்று கவுண்டரில் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் கணக்கையும் பாருங்கள். கடன் வரலாறு இல்லாத புதியவர்களை இழுக்கும் சிறு டீலர்கள், "நூறு டொலருக்கு வருசம் பதினைஞ்சு" என்பதுபோலச் சொல்லலாம். 6,000 டொலர், மூன்று ஆண்டு என்றால் வட்டி 2,700. மாதம் ஏறத்தாழ 242. இது 15 சதவீத வட்டி அல்ல. முதலை நீங்கள் மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கையில் வட்டி மட்டும் முழு ஆறாயிரத்துக்கும் கடைசி வரை அறவிடப்படுகிறது. உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 26 சதவீதம். ஒப்பந்தத்தில் ஏ.பி.ஆர். என்று இந்த எண்ணைக் காட்டவேண்டும் என்பது சட்டம். டீலரின் வாயைப் பார்க்காமல் அந்தப் பெட்டியைப் பாருங்கள். காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில் 'உள்ளபடியே, உத்தரவாதம் இல்லை' என்ற பெட்டியில் அடையாளம் இருந்தால், கேற்றைத் தாண்டியதும் பழுது உங்களுடையது. மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கதை டீலரிடம் வாங்கும் காருக்குப் பொருந்தாது.

காப்புறுதியில் டெக்சாஸ் கேட்கும் ஆகக் குறைந்த அளவு ஒருவருக்கான காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000, பொருட்சேதத்துக்கு 25,000. இன்று வீதியில் ஓடும் வாகனங்களின் விலையைப் பார்த்தால் அந்த 25,000 போதாது. மலிவுக் காரின் சொந்தச் சேதத்துக்கு மூடல் எடுக்காமல் விடலாம். ஆனால் காப்புறுதி இல்லாதவர் வந்து இடித்தால் உதவும் மூடலையும், நம் காயங்களுக்கான மூடலையும் "வேண்டாம்" என்று எழுதிக் கையொப்பமிட முன் இரண்டு தரம் யோசியுங்கள். எழுத்தில் மறுக்காவிட்டால் அவை உங்களுக்கு உண்டு.

கடைசியாகப் பத்திரம். ரைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். "இது என்ர நண்பர் கையொப்பம் வைச்சுத் தந்தது" என்றால் விலகுங்கள். விற்பவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டி வரி அலுவலகத்துக்கே போய் மாற்றுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. 30 நாட்களுக்குள் மாற்றவேண்டும். உங்கள் பழைய காரை நீங்கள் விற்றால், வாகனம் கைமாறிய அறிவித்தலை மாநில மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அதே 30 நாளுக்குள் அனுப்புங்கள். ஈ.இசட். ராக் கணக்கிலிருந்து அந்த இலக்கத் தகட்டையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு யாரோ வெஸ்ற்பார்க் கட்டணப் பாதையில் போய்வரும் பில் மாதாமாதம் உங்கள் வீட்டுக்கு வரும்.